தானாகச் சரியாகிற வீடு – அத்தியாயம் 11

காலை பதினொரு மணிக்கு வாஷிங் மெஷின் நின்றது.

நின்றது என்றால் மரியாதையாக நிற்கவில்லை. பாதி அலசலில் இரண்டு குலுங்கு குலுங்கி, நெற்றியில் சிவப்பாக ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டிக்கொண்டு, வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றது. வீட்டின் மூத்த மருமகளான பெரியவள் அதைத் திட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள்.

இந்த வீட்டில் எதுவும் ரொம்ப நேரம் பழுதாக இருப்பதில்லை. பத்து வாரமாக நாமும்தான் பார்த்து வருகிறோம். வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஒரு டீ ஆறுவதற்குள் பச்சையாகிவிடும். தொட்டி நிரம்புகிற வரை மோட்டார் ஓடும். ஒரு சொட்டுக்கூட வழியாமல் தானே அடங்கும். அவள் கணவர் மெஷினின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அது ஓடும். "பாத்தியா, எல்லாம் கைராசி" என்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவருக்கு யார் சொல்வது? டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கு வண்டி கற்றுக்கொடுக்கிற மனிதர். யார் ஓட்டினாலும் பிரேக் தன் காலடியில்தான் என்று நம்பியே பழகிவிட்டார்.

பெரியவள் வேறு மாதிரி நம்பினாள். வீட்டுக்கு மூச்சு இருக்கிறது என்று நம்பினாள். மதியம் ஆளில்லாத நேரத்தில் சுவரில் காதை வைத்தால் உள்ளே யாரோ நிதானமாகத் தூங்குவதுபோல இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடிக் கடைப் பட்டறையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கிறவள், கால் மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், இப்படிப் பேசினால் சிரிக்க மாட்டார்களா?

போன வாரம்தான் அந்தச் சொப்பனம் கலைந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கூப்பிட்ட சர்வீஸ்காரம்மா, வைஃபை பெட்டியைத் தன் போனோடு இணைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, இந்த வீட்டுக்கு ஓனர் நீங்க இல்லையே. வேற ஒருத்தங்க பேர்ல இருக்கு. மெஷின், மோட்டார், லைட்டு, வாசல் காலிங் பெல், எல்லாத்தையும் அவங்கதான் தூரத்துல இருந்து பாத்துக்கறாங்க."

அந்தப் பேர் சின்னவளுடையது.

சின்னவள், பெரியவளின் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. லிஃப்ட் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் இரவு வேலை. ஊரில் எந்தக் கட்டிடத்து லிஃப்ட்டில் யார் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினாலும் அவள் காதில்தான் அடிக்கும். ஆள் வந்து திறக்கிறவரை மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இந்த வீட்டின் ஒவ்வொரு சாமானையும் போனில் கோத்துவைத்தவள் அவள்தான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காரணமும் சொல்லாமல் புருஷனையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனாள்.

பிரியும்போது அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீம்புக்கு நியாயமாக நடந்துகொண்டார்கள். கட்டில், ஏணி, கரண்டி என்று ஒன்றுவிடாமல் எழுதிப் பிரித்தார்கள். பாதி தீர்ந்த தரை துடைக்கிற திரவத்தைக்கூட இன்னொரு பாட்டிலில் சரிபாதி ஊற்றினார்கள். சின்னவள் வாசல் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனாள். வீட்டின் இன்னொரு சாவி அவள் போனுக்குள் இருப்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அது மட்டுமென்றால் பெரியவள் கலங்கியிருக்க மாட்டாள். சர்வீஸ்காரம்மா கிளம்பும்போது பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். "வாசல்ல யார் நின்னு பேசினாலும், படமும் குரலுமா முப்பது செகண்ட் பதிஞ்சு ஓனர் போனுக்குப் போயிடும் அக்கா."

வாசலில் நின்று பேசியது. பெரியவளுக்கு அப்போதே அது நினைவுக்கு வந்தது.

அவர்கள் பிரிந்து போவதற்கு எட்டு நாள் முன்பு, எதிர்வீட்டு டீச்சரிடம் இதே வாசலில் நின்று ஒரு பேச்சுப் பேசினாள். அன்றைக்குப் பட்டறையில் விரலில் காயம், சின்னவளின் குழந்தைக்குச் சளி, ராத்திரித் தூக்கமில்லை. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டாள்: "பெத்த பொண்ணை என் தலையில கட்டிட்டு, மகராசி ஊர்ல உள்ள லிஃப்டுக்கெல்லாம் தாலாட்டுப் பாடப் போயிடறா. இவளெல்லாம் எதுக்குப் பிள்ளை பெத்துக்கணும்?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டிய சொல் நேராகச் சின்னவளின் கைக்கே போயிருக்கிறது.

கணவருக்கு இது தெரியாது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தம்பி ஓடிவிட்டான் என்பது அவர் தீர்ப்பு. தம்பியின் நம்பரைக்கூட அழித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஓனர் யார் என்று தெரிந்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அடுத்த வாரம் நாலு மணிக்கு வரச் சொல்லு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா நம்ம பேருக்கு மாத்தட்டும். என் வீட்டுல இன்னொருத்தி கை எதுக்கு?"

அந்த நாலு மணி இன்றைக்குத்தான்.

ஏழு நாளில் பெரியவள் இருபது தடவையாவது சின்னவளுக்குப் போன் போட்டிருப்பாள். எடுக்கவில்லை. அவர்களின் புது வீட்டு முகவரியைக் கொழுந்தனிடம்தான் கேட்க வேண்டும், அவனும் எடுக்கவில்லை. நாலு மணிக்குப் பிறகு சின்னவளிடம் போய்ச்சேர வேறு வழி எதுவும் மிஞ்சாது. அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பதினொன்று பதினாலுக்கு மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. சிவப்பு எழுத்து மறைந்தது. தண்ணீர் சுழலத் தொடங்கியது.

"தூக்கத்துல இருந்து எழுந்து வந்தியா?" என்று பெரியவள் மெஷினைப் பார்த்துக் கேட்டாள். துணி சுழன்றுகொண்டிருந்தது.

ஒன்றரை மணிக்கு அவள் நடு அறைக்குப் போனாள். அது பூச்சியின் அறை. சின்னவளின் மகளுக்கு நாலு வயது. வீட்டுக்குள் ஊர்ந்து ஊர்ந்தே வளர்ந்ததால் பூச்சி. பெரியவளுக்குப் பிள்ளையில்லை. அந்தக் குறை தெரியாமல் நாலு வருடம் ஓடியது என்றால் அது இந்தப் பூச்சியால்தான். அறையில் இப்போது கட்டில் இல்லை. சுவரில் நிலா வடிவத்தில் ஒரு விளக்கு மட்டும் இருக்கிறது. ஆணி அடித்து மாட்டியதால் பிரிவினையில் விட்டுப்போயிற்று.

பெரியவள் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். ஜன்னல் திரை மூடியிருந்தது. திரையின் ஓரத்தால் ஒழுகிய வெயிலில் தூசி மிதந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ மரம் அறுக்கிற சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது.

ஒன்று முப்பத்தேழுக்கு நிலா எரிந்தது.

தினமும் இப்படித்தான். ஸ்விட்சை யாரும் தொடுவதில்லை. மஞ்சளாக மெதுவாக எரிந்து, கால் மணி நேரம் அறையை நனைத்து, பிறகு கண் செருகுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பூச்சியின் மதியத் தூக்கத்துக்கென்று வைத்திருந்த நேரம் அது. ஐந்து மாதமாகப் பெரியவள் லீவு நாளிலெல்லாம் இந்த வெளிச்சத்தில் வந்து படுக்கிறாள். பக்கத்தில் சின்ன உடம்பின் சூடு இருப்பதாகவே தோன்றும். அந்தக் கால் மணியில் அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று அவளுக்கே தெரியாது.

இன்றைக்கு அவள் தூங்கவில்லை. நிலா மங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். விளக்கு எரிந்தது என்றால் போன் இப்போது சின்னவள் கையில் இருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்த்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, தன் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்று காலிங் பெல்லை அழுத்தினாள்.

உள்ளே மணி அடித்தது. பெல்லின் கறுப்புக் கண்ணைச் சுற்றி ஒரு நீல வளையம் எரிந்தது.

"நான்தான்," என்றாள். ராத்திரியெல்லாம் கோத்துவைத்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. "நான்தான். பெரியவ. போன் எடுக்கமாட்டேங்கற. அதான் இங்க வந்து நிக்கிறேன். நல்லாருக்கியா? பூச்சிக்கு அந்த இருமல் விட்டுச்சா?"

முப்பது செகண்டில் வளையம் அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள்.

"நான் அன்னைக்கு இங்க நின்னு பேசினது உனக்கு வந்துடுச்சுன்னு போன வாரம்தான் தெரியும். தெரிஞ்சதுல இருந்து சோறு இறங்கல. நீ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்டி. நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூட..."

வளையம் அணைந்தது. மறுபடி அழுத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"என்னம்மா, சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். கதவு திறந்துதான் இருக்கு."

"அப்புறம் யாரைக் கூப்பிடறே?"

பெரியவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பாமல் பெல்லைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டீச்சர், எங்க சின்னவளைப் பத்தி அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே, பிள்ளை எதுக்குப் பெத்துக்கணும்னு. அது பொய். பூச்சியை வெச்சுக்கறது எனக்குச் சுமையா இல்ல. அவ ராத்திரி வேலைக்குப் போனாதான் பிள்ளை என் பக்கத்துல படுக்கும். அவ லீவு போட்டா எனக்குக் கோவம் வரும். அந்தக் கோவத்துக்கு ஒரு பேரு வேணும்ல, அதான் அவ மேல பழியைப் போட்டேன். அவ பிள்ளையை என் பிள்ளைன்னு நெனச்சுட்டேன். வெக்கங்கெட்டவ நான்."

டீச்சர் மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வளையம் அணைந்தது. நாலாவது தடவை அழுத்தக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, மணியடிக்கறதை நிறுத்துங்க. பூச்சி முழிச்சுக்குவா."

பெல்லுக்குள்ளிருந்து சின்னவளின் குரல் வந்தது. தூக்கம் கலையாத, கரகரத்த குரல். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கறாளா?"

"இப்பதான் கண்ணை மூடினா. பக்கத்துலதான் இருக்கா."

"நீ தூங்கலையா? ராத்திரி வேலைக்குப் போகணுமே."

"எங்க தூங்கறது? பதினோரு மணிக்கு உங்க மெஷின் எழுப்புச்சு. கதவு சரியா மூடாம போட்டா பாதியில லாக் விட்டுடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அழுத்தித்தான் மூடினேன்."

"அழுத்தினீங்க, சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தல."

ஐந்து மாதம் கழித்து இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுவாகத்தான் இருந்தது. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏன்டி இதெல்லாம் பண்ணிட்டிருந்தே? நான் பேசின பேச்சுக்கு, வீடு எரிஞ்சாக்கூட நீ திரும்பிப் பாத்திருக்க வேண்டாமே."

சின்னவளின் பக்கத்திலிருந்து மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியலக்கா. ஒண்ணு நின்னு போச்சுன்னு போன்ல வந்தா, பாத்துட்டுச் சும்மா இருக்க வரல. வேலைப் பழக்கம்."

"மதியம் நிலா லைட்டு போடறியே, அதுக்காவது நான் உனக்கு..."

"எந்த லைட்டு?"

"பூச்சி ரூம் லைட்டு. தினம் ஒன்றரை மணிக்கு. இப்பக்கூடப் போட்டியே."

"நான் போடலையே அக்கா."

சின்னவளின் குரல் இப்போது வேறு மாதிரி வந்தது.

"தூங்கறதுக்கு முன்னாடி இவ தினம் போனைக் கேப்பா. 'பெரியம்மாவைத் தூங்கவைக்கணும்'பா. ஏதோ விளையாட்டுன்னு குடுத்துடுவேன். அந்த நிலாப் படத்தை அழுத்தறா போல. அழுத்திட்டு 'பெரியம்மா தூங்கிட்டாங்க'ன்னு சொல்லுவா. அப்புறம்தான் இவ தூங்குவா."

பெரியவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். தன்னை யாரோ ஐந்து மாதமாகத் தூங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஓனர் பேர் என்னுதுங்கறதால, நாலு மணிக்கு சர்வீஸ்காரம்மா வர்றதா எனக்கு மெசேஜ் வந்துச்சு. வந்தா எல்லாத்தையும் அழிச்சுடச் சொல்லுங்க."

"சின்னவளே..."

"கோவத்துல சொல்லல. ஒரு கண்ணை அங்க வெச்சுட்டு இங்க தூங்க முடியலக்கா. நீங்க பேசினதை நான் அழிக்காம வெச்சிருக்கேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. இன்னைக்கு நீங்க பேசினதும் வந்திருக்கு. அதையும் கேக்கணும். மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய்யாயிடும். சுவர் வழியா வந்து போற ஆளா நான் இனிமே இருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

நீல வளையம் அணைந்தது. பெரியவள் மறுபடி அழுத்தவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து திரும்பினாள். வாசலுக்கு ஏறிவரும் மாடிப்படியின் கடைசிப் படியில் கணவர் நின்றிருந்தார். அரை நாள் லீவு போட்டுச் சீக்கிரம் வந்திருக்கிறார். கையில் ஹெல்மெட். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"டீச்சர்கிட்ட நீ பேசறப்போ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. ஹெல்மெட்டைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

"அவன்கிட்ட நான் என்னென்ன பேசினேன் தெரியுமா உனக்கு?" என்றார். "பொண்டாட்டி காலைக் கட்டிக்கிட்டு ஓடற நாயேன்னேன். ஏன் போறேன்னு கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லல அவன். சொல்லியிருந்தா உன் பேரு கெட்டுப்போயிருக்கும். அதுக்காக வாயை மூடிக்கிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"தப்பு என்னுதுங்க."

"உன்னுதுதான். என்னுதும்தான்."

இருவரும் உள்ளே போகவில்லை. வெயில் படியிலிருந்து இறங்கி நடைபாதைக்குப் போகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சர்வீஸ்காரம்மா சொன்னபடி நாலு மணிக்கு வந்தாள். கருவிப் பையைத் திறந்து, மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள்.

"அழிச்சா திரும்ப வராது. பழைய பதிவு, செட்டிங்கு எல்லாம் போயிடும். சரிதானே சார்?"

அவர் பெரியவளைப் பார்த்தார். "அவங்க கேட்ட மாதிரியே பண்ணிடுங்க," என்றாள் பெரியவள். அந்த 'அவங்க' யார் என்று சர்வீஸ்காரம்மா கேட்கவில்லை.

பெட்டியின் பின்னாலிருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து எண்ணினாள். வீடு ஒவ்வொன்றாக அடங்கியது. கூடத்து விளக்குகள் ஒருமுறை வெள்ளையாக விரிந்து அணைந்தன. மோட்டார்ப் பெட்டி கடக்கென்றது. மெஷினின் நெற்றி இருண்டது. சுவரில் கேட்கும் மூச்சு இன்றைக்கு நின்றுவிட்டது என்று பெரியவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒருத்தி நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் புதிதாக ஏறியது. பெரியவளின் போனில் வீடு வந்து உட்கார்ந்தது. இனி அவள்தான் ஓனர்.

"வீட்டுல எத்தனை பேரு? சேத்துடறேன்," என்றாள் சர்வீஸ்காரம்மா.

"ரெண்டு," என்றார் கணவர்.

"அஞ்சு," என்றாள் பெரியவள்.

சர்வீஸ்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒருத்தி குழந்தை. அவளுக்குப் போன் இல்ல," என்றாள் பெரியவள். "மத்தவங்களுக்கு எப்படிச் சொல்லணும்?"

"நம்பர் குடுத்தா அழைப்பு போகும். அவங்க சரின்னு அழுத்தினாத்தான் உள்ள வர முடியும். அழுத்தலைன்னா நாம ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"அது போதும்."

சின்னவளின் நம்பரைச் சொன்னாள். அது போனது.

"இன்னொருத்தர்?"

பெரியவள் கொழுந்தனின் நம்பரைப் போனில் தேடத் தொடங்கினாள். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த கணவர், திரும்பாமலே பத்து இலக்கத்தையும் சொன்னார். எங்கேயும் தடுக்கவில்லை. யோசிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று ஐந்து மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நம்பர் அது.

பெரியவள் தேடுவதை நிறுத்தினாள்.

"அனுப்பிடலாமா சார்?"

"ம்."

சர்வீஸ்காரம்மா பையை மூடிக்கொண்டு கிளம்பினாள். இருவரும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் போன். திரையில் இரண்டு பெயர், இரண்டுக்கும் நேராகக் காத்திருக்கிறது என்ற ஒரே சொல்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெயர் பச்சையானது. தம்பியின் பெயர்.

அவர் போனை இரண்டு கையாலும் எடுத்தார். கண் கலங்கித் திரையில் எழுத்துத் தெரியவில்லை. சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். "பிஸ்கட் கம்பெனியில இது அடுப்புல இருந்து தட்டு இறக்கற நேரம். வேலையை விட்டுட்டு அழுத்தியிருக்கான்," என்றார். தம்பியைக் கூப்பிடத் தைரியம் இல்லாமல், அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவளின் பெயர் மாறவே இல்லை. ஆனால் அவள் வேண்டாம் என்றும் அழுத்தவில்லை. பெரியவள் கணவரின் கையிலிருந்து போனை வாங்கி, திரை அணையாமல் பார்த்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.